சீரங்காயி வீட்டு மூன்று மூங்கில்கள்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருடைய மீசையில் நான் நெருப்பு வைத்தேன்.

கதையை இப்படி ஆரம்பிக்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். ராஜாவின் பெருமை, நாட்டின் வளம், மாதம் மும்மாரி பெய்த மழை எல்லாவற்றையும் சொல்லி, கேட்கிறவர்கள் கொட்டாவி விடும் நேரம் பார்த்துத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் மீசை கருகும் வாசனை ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் மழையெல்லாம் நினைவில் நிற்பதில்லை.

என் பெயர் திருமேனி. பெயரில்தான் மேனி, ஆளைப் பார்த்தால் துணி காயப்போட்ட கொம்பு போல இருப்பேன். அரண்மனையில் விகடம் செய்வது தொழில். அதாவது, மற்றவர்கள் சொன்னால் தலை போகிற விஷயத்தை நான் சொல்லிச் சோறு வாங்கிக்கொள்வேன்.

மன்னரின் பிறந்தநாள் அன்று, கோட்டைக்காவல் தலைவர் சிங்கமுகராயர் எப்படி வணங்குவார் என்று நடித்துக்காட்டச் சொன்னார்கள். ராயரை நடிப்பது எனக்குத் தண்ணீர் குடிப்பதைப் போல. முதுகு வளையாது, தலை மட்டும் முன்னால் வரும். விரல்கள் அங்கவஸ்திரத்தின் குஞ்சத்தைப் பிடித்து, ஒன்றைத் தூக்கி இரண்டைத் தாழ்த்தி, ஒன்றைத் தூக்கி இரண்டைத் தாழ்த்தி, எதையோ பின்னிக்கொண்டே இருக்கும். ராயருக்குக் கலக்கம் வந்தால் அந்த விரல்கள் நிற்காது. வலது கையில் நான் அந்தக் குஞ்சத்தைப் பின்னிக்கொண்டிருந்தேன். இடது கையில் ஆரத்தித் தட்டு இருந்ததை மறந்துபோனேன். தட்டு மெல்ல மெல்ல மேலே போயிருக்கிறது. சபை "ஐயோ" என்றது. மன்னருடைய மீசையின் வலப்பாதி அந்த "ஐயோ"வுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

மன்னர் பன்னீர்க் கிண்ணத்தில் முகத்தை முக்கி எடுத்தார். பட்டுத்துணியால் பாதி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திருமேனி, நம் நகரத்தில் நெருப்பு வைப்பவர்கள் எத்தனை பேர்?"

"இதுவரை தெரிந்தது அடியேன் ஒருவன்தான், மன்னா."

"இன்னொருவரும் இருக்கிறார். கீற்றுக்காரத் தெருவில் சீரங்காயி என்பவளின் வீடு நான்கு மாதத்தில் மூன்று முறை எரிந்திருக்கிறது. தெருவே கூரை முடையும் தெரு. ஒரு பொறி தவறி விழுந்தால் நகரமே சாம்பல். அந்தக் கவலையில் நான் தூங்குவதில்லை. நீ என்னடாவென்றால் என் முகத்திலேயே கொளுத்துகிறாய்."

ராயர் முன்னால் வந்தார். என் நடிப்பில் இருந்த அதே தலை, அதே வளையாத முதுகு. "கவலை வேண்டாம், மன்னா. ஆளைப் பிடித்துவிட்டேன். வெளியூர்க்காரன். சிக்கிமுக்கிக் கல்லும் பஞ்சும் விற்கிறான். எரிகிற வீட்டு வாசலில் கையில் கல்லோடு நின்றான். பெயர் சுடலை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?"

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நான் வேறு தொழிலுக்குப் போயிருப்பேன். "பெயர்தான் சாட்சி என்றால், நம் சிங்கமுகராயர் இந்நேரம் காட்டில் மானைத் துரத்திக்கொண்டிருக்க வேண்டுமே?" என்றேன்.

மன்னர் சிரித்தார். சிரித்ததும் வெந்த உதடு இழுத்தது. இழுத்ததும் கோபம் வந்தது. "அவ்வளவு தெரிந்தவனாக இருந்தால் நீயே கண்டுபிடி. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் தீ வைத்த கையைச் சபையில் காட்டு. அந்தக் கை இனி எரிந்த வீட்டுக்குச் சொந்தம்!"

எரிந்த வீட்டுக்குச் சொந்தம் என்றால் என்ன பொருள் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். மன்னரின் தகப்பனார் காலத்தில் அப்படி ஒரு கையை வெட்டி, எரிந்த வீட்டின் நிலையில் ஆணியடித்து வைத்தார்கள்.

ராயர் இன்னொரு முறை வணங்கினார். "ஒரு சிறு திருத்தம், மன்னா. 'தீ வைத்த கை' என்றால் விகடர் வெயிலைக் காட்டுவார், காற்றைக் காட்டுவார். 'தீக்குக் காரணமான கை' என்று ஆணையிட்டால் அவர் தப்ப முடியாது. காட்டத் தவறினால் சுடலையின் கை. அதோடு, மன்னரின் மீசைக்குக் காரணமான கை எது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

என் இடது கையைப் பார்த்துக்கொண்டேன். அதுவரை அது எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

முதலில் சுடலையைப் பார்க்கப் போனேன். யானைக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு கொட்டடியில் அடைத்திருந்தார்கள். ஒடிசலான மனிதன். இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தக் கைய வெட்டுவாங்க சாமி?"

"வழக்கமாக வலது கைதான்."

அவன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். "நான் எடதுகைக்காரன். எல்லா வேலையும் எடது கையிலதான். அதச் சொல்லிரணுமா, சொல்லாம இருந்தா பாவமா?"

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. "நீ ஏனப்பா எரிகிற வீட்டு வாசலில் நின்றாய்?" என்றேன்.

"பொகையப் பாத்தேன். ஓடுனேன். ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனேன். மூணாவது கொடம் எடுக்கையில, இடுப்புல கட்டியிருந்த கல்லு அவுந்துருச்சு. குனிஞ்சு பொறுக்குனேன், புடிச்சுட்டாங்க."

கீற்றுக்காரத் தெருவுக்கு நடந்தேன். சித்திரை வெயில். தெருவின் ஓரத்தில் குளம், குளத்தில் ஊறப்போட்ட தென்னை ஓலை, ஓலையின் அழுகல் வாடை. வீட்டுக்கு வீடு வாசலில் பெண்களும் ஆண்களும் காலை நீட்டி உட்கார்ந்து கீற்று முடைந்தார்கள். உச்சி வெயிலில் மட்டும் எல்லோரும் குளத்தில் இறங்கி, ஊறிய ஓலையை இழுத்துப்போடுவார்கள். அந்த ஒரு நாழிகை தெருவில் காக்கைகூட இருக்காது. மூன்று தீயும் அந்த நேரத்தில்தான் பிடித்திருக்கிறது.

சீரங்காயியின் வீட்டில் கூரை இல்லை. நான்கு மண்சுவர்கள் கறுத்து நின்றன. பறந்த சாம்பல் முழுவதும் குளத்துப் பக்கமே படிந்திருந்தது.

சுவரைப் படிக்க எனக்குத் தெரியும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மனைவி ஊருக்குப் போன நாட்களில் நான் சமைத்த வரலாறு முழுவதும் எங்கள் வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது. தீ பிடித்த இடத்தில் கரி ஒடுங்கி இருக்கும். மேலே போகப் போக முறத்தைப் போல விரியும். ஒடுங்கிய முனை எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தீ பிறந்தது. அடுப்பு என்று நான் சத்தியம் செய்தாலும், அந்த முனையைக் காட்டி, "அப்போ வெறகுக் கூடைக்குள்ள யாரு கொள்ளிக்கட்டைய வெச்சது?" என்பாள் அவள்.

இங்கே முறத்தின் முனை வீட்டுக்கு உள்ளே, அடுப்புக்கு எதிர்மூலையில் இருந்தது. தெருவில் போகிற ஒருவன் கொளுத்தினால் கூரையின் தாழ்ந்த விளிம்பில்தான் வைப்பான். கை எட்டும், ஓடவும் வசதி. உள்ளே போய், மூலை பார்த்து, உட்கார்ந்து வைக்கமாட்டான். சுவரில் புதுக்கரிக்குக் கீழே சுண்ணாம்பைச் சுரண்டினேன். உள்ளே இன்னொரு கரி. இன்னும் சுரண்டினேன். அதற்குள்ளும் ஒன்று. மூன்று முறங்களும் ஒரே முனையில் நின்றன.

"சுண்ணாம்பச் சொரண்டித் திங்கவா அரமனையிலருந்து வந்தீங்க?"

திரும்பினேன். பக்கத்து வீட்டுப் பூரணி இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"தீ வைத்தவரைத் தேடி வந்தேன், அம்மா. சீரங்காயி மேல் யாருக்காவது பகை உண்டா?"

"பகைப்பட அவ என்ன அரமனையா கட்டி வச்சிருக்கா?"

"அப்படியானால் யார் மேல் சந்தேகம்?"

"சந்தேகப்பட்டா எனக்கு யாரு சோறு போடுவா?"

அந்தத் தெருவில் ஒரு கேள்விக்கு இன்னொரு கேள்விதான் பதில். என் தொழிலுக்கு இது பழக்கம்தான். விகடனிடம் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. கேட்டதும் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கவைக்கப் பார்ப்பார்கள்.

"அத விடுங்க," என்றாள் பூரணி. "எங்க கூர ஒழுகுது. அதக் கேக்கத்தான் நாதியில்ல."

"சித்திரை வெயிலிலா ஒழுகுகிறது?"

"ஆமா! தீப்புடிச்ச அன்னைக்குக் காலையில. இந்தப் பக்கம் மட்டும். மூணு தடவையும் அப்படித்தான். மாரியாத்தாதான் முன்கூட்டியே நனைச்சு வச்சுக் காப்பாத்துனான்னு பொங்க வச்சேன்."

சீரங்காயி வீட்டைப் பார்த்த பக்கத்துக் கூரைக்குக் கீழே தரையைப் பார்த்தேன். ஏணிக்கால் ஊன்றிய இரண்டு குழிகள் இருந்தன. மாரியாத்தாள் ஏணி போட்டுத்தான் ஏறியிருக்கிறாள்.

வாசலில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் பானைகள் அடுக்கியிருந்தன. உரல், உலக்கை, பாய், ஒரு கருங்காலிப் பெட்டி. ஒன்றிலும் கரி இல்லை. அருகே ஒரு கூடைக்கு அடியில் ஒரு கோழி பதினொரு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு கழுத்தைச் சிலிர்த்தது.

"அடை வைத்து எத்தனை நாள் ஆயிற்று?"

"பதினெட்டு நாளு."

தீப்பிடித்து ஐந்து நாள்தான் ஆகிறது. அடைக்கோழி தானாக வீடு மாறாது. தீக்கு முன்னால், முட்டை குளிர்ந்துபோகாமல், கூடையோடு பொத்தித் தூக்கி யாரோ நிழலில் வைத்திருக்கிறார்கள்.

தீ வைத்தவர்களைப் பற்றி அதுவரை நான் நினைத்ததெல்லாம் ஆட்டம் கண்டது. பொருளை வெளியே வைத்து, கோழியைக் குடிபெயர்த்து, பக்கத்து வீட்டை நனைத்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, காற்றும் குளத்துப் பக்கம் அடிக்கிற நாளாகப் பார்த்து, இவ்வளவு பக்குவமாக ஒருவர் நெருப்பு வைத்தால் அவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது? என் சமையலை இத்தனை கவனமாகச் செய்திருந்தால் நான் மீசையோடு விளையாட வேண்டிய நிலைக்கே வந்திருக்கமாட்டேன்.

மரத்தின் மறுபக்கத்தில் மூன்று மூங்கில்கள் கிடந்தன. முற்றி, நேராக, பார்த்தாலே கூரை ஏறத் துடிக்கிற மூங்கில்கள். அடிப்பக்கத்தில் சிங்க முத்திரை, கோட்டைக்காவலின் சூடு.

"இத்தனை நல்ல மூங்கில் ஏன் சும்மா கிடக்கிறது?"

பூரணி குரலைத் தாழ்த்தினாள். "எங்க தெருவுல ஒரு மொற உண்டு. ஒருத்தி வீடு எரிஞ்சுட்டா, கூடப் பொறந்தவன் மொகட்டு மூங்கிலத் தன் தோள்ல தூக்கிட்டு வரணும். வெட்டுக்குத்தா இருந்தாலும் வந்தாகணும். கூரை ஏறி முடியிறவரைக்கும் எல்லாருக்கும் ஒரே பானைக் கஞ்சி. அப்போ யாரும் யாரையும் மொறைக்கக்கூடாது. ஒவ்வொரு தீக்கும் ஒரு மூங்கில் வந்துச்சு. சேவகன் தூக்கிட்டு வந்தான். சீரங்காயி அத ஏத்தல. தெருவுக் கம்பப் போட்டுக் கட்டிக்கிட்டா."

"சீரங்காயியின் கூடப்பிறந்தவர் யார்?"

பூரணியின் முகம் மூடிக்கொண்டது. "என் அடுப்புல கஞ்சி பொங்குது" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டில் அடுப்பே எரியவில்லை.

சீரங்காயி குளத்தங்கரையில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஓலை மடியில், விரல்கள் ஓலையில். ஒன்றைத் தூக்கி, இரண்டைத் தாழ்த்தி. ஒன்றைத் தூக்கி, இரண்டைத் தாழ்த்தி.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த விரல்களை எனக்குத் தெரியும். எட்டு வருடமாக அவற்றை நடித்துக் காட்டிச் சபையைச் சிரிக்கவைத்திருக்கிறேன். என்னவென்று தெரியாமலே சிரிக்கவைத்திருக்கிறேன்.

"அம்மா, உங்கள் வீட்டுக்குத் தீ வைத்தவர் ரொம்ப நல்லவர்" என்றேன்.

"நெருப்புல நல்லது கெட்டது உண்டா அய்யா?"

"உண்டே. இந்த நெருப்பு கோழிக்கு வழிவிட்டது. பூரணி வீட்டைக் குளிப்பாட்டியது. மூன்று தடவை வந்தும் ஒரு பானையைக்கூடத் தொடவில்லை."

விரல்கள் நிற்கவில்லை. "அப்படியா?" என்றாள்.

"அந்த மூங்கிலை ஏன் போடவில்லை?"

"அளவு சரியில்ல."

"அளந்து பார்த்தேன். சாண் பிசகவில்லை."

"நான் மூங்கிலச் சொல்லல" என்றாள்.

வெள்ளிக்கிழமை வெட்டப்போகிற சுடலையின் கையைப் பற்றிச் சொன்னேன். இடது கைக்காரன் என்பதையும், அவன் பட்ட பாவ சந்தேகத்தையும் சொன்னேன். அப்போதுதான் அந்த விரல்கள் நின்றன.

"அவன ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாங்கன்னுதானே சொன்னாங்க?"

"யார் சொன்னது?"

"மூங்கில் கொண்டாந்த சேவகன்." முடைந்த பாதிக் கீற்றைச் சுருட்டிக் கட்டினாள். "வெள்ளிக்கெழம எந்நேரம்?"

"நீங்கள் வர வேண்டாம், அம்மா."

"எந்நேரம்னு கேட்டேன்."

"உச்சிப்பொழுது. ஏன் இப்படிச் செய்தீர்கள்?"

"நீங்க ஏன் விகடம் பண்றீங்க?" என்றாள்.

 எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ராயரைத் தேடிப் போனேன். காவலருக்கு வாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவரைத் தனியே அழைத்தேன். "ராயரே, ஒரு மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு கீற்றுக்காரத் தெருவுக்கு ஒருநடை போய்வாருங்கள். யாருக்கும் நான் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை வேறு வழியில் சுடலையை மீட்டு, என் கையை நானே நீட்டிவிடுகிறேன்" என்றேன். 

"என்ன உளறுகிறீர்? அந்தத் தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது" என்றார் ராயர். விரல்கள் குஞ்சத்தைப் பின்னிக்கொண்டிருந்தன. இந்த முறை எனக்கு நடித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சபை நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சுடலை, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. மன்னர் பட்டுத்துணியோடு வீற்றிருந்தார். வாசல் ஓரம் வெள்ளைச் சேலையில் சீரங்காயி. அவள் உள்ளே வந்ததும் ராயரின் கண்கள் கூரையில் ஏதோ பல்லியைத் தேடப் போய்விட்டன.

சீரங்காயி கையைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள். நான் குதித்துக் குறுக்கே விழுந்தேன். குதிப்பது என் தொழில். அன்றைக்குத்தான் அது உருப்படியாகப் பயன்பட்டது.

"மன்னா! தீக்குக் காரணமான கையைக் கொண்டுவந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு விளக்கம். தாங்கள் அந்தக் கை எரிந்த வீட்டுக்குச் சொந்தம் என்றீர்கள். வெட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை."

"வெட்டாமல் எப்படிச் சொந்தமாகும்?"

"வெட்டிய கையை வைத்துக்கொண்டு அந்த வீடு என்ன செய்யும், மன்னா? அது கீற்று முடையுமா, கயிறு இழுக்குமா? நாலு நாளில் நாற்றம்தான் வரும். வீட்டுக்குச் சொந்தமான கை வேலை செய்கிற கையாக இருக்க வேண்டும். அதற்குத் தோளோடு போக வேண்டும். தோள் போனால் ஆளும் கூடவே போகத்தான் வேண்டும். மன்னரின் வாக்கு ஒரு எழுத்து பிசகக்கூடாது அல்லவா?"

மன்னரின் பட்டுத்துணி ஆடியது. உள்ளே உதடு இழுத்திருக்க வேண்டும். "கையைக் காட்டு" என்றார்.

நான் சுவரைப் பற்றிச் சொன்னேன், முறத்தின் முனையைச் சொன்னேன். ஏணிக் குழி, கரிபடாத பானை, பதினெட்டு நாள் அடைக்கோழி எல்லாம் சொன்னேன். "சிக்கிமுக்கி விற்கிறவன் ஓடத்தான் நினைப்பான், கோழியைச் சுமக்கமாட்டான். இந்தத் தீயை வைத்தவர் எதையும் அழிக்க வைக்கவில்லை, மன்னா. ஒருவரை வரவழைக்க வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் வீடு எரிந்தால் கூடப்பிறந்தவன் மூங்கில் சுமந்து வந்தாக வேண்டும். மூன்று முறை மூங்கில் வந்தது. தோள் வரவில்லை. அந்தத் தோள் முதலிலேயே ஒருமுறை, தீயில்லாமலே, சும்மா ஒருநாள் போயிருந்தால் ஒரு பொறிகூடப் பறந்திருக்காது. ஆகையால் தீக்குக் காரணமான கை..."

நடந்துபோய் ராயரின் வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். விரல்களுக்கு இடையில் குஞ்சம், பாதி முடைந்த கீற்றாகத் தொங்கியது.

 ராயர் கையை உதறினார். "மன்னா! இவன் என்னை அவமானப்படுத்துகிறான்! நான் எங்கே, அந்தத் தெரு எங்கே!"

மன்னர் வாசலைப் பார்த்தார். "அம்மா, நீ சொல். இவர் உனக்கு யார்?"

சீரங்காயி ராயரைப் பார்த்தாள். அவருடைய தலைப்பாகை, முத்துக்கடுக்கன், ஜரிகை அங்கவஸ்திரம் எல்லாவற்றையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். சந்தையில் வாங்க முடியாத துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"எனக்கு இவரத் தெரியாது, மகாராசா" என்றாள். "இவரு பெரிய எடத்துப் பிள்ளை. எனக்குக் கூடப் பொறந்தவன்னு யாருமில்ல. விகடருக்கு வெயில்ல கண்ணு கட்டியிருக்கும். தீ வச்சது நாந்தான். இந்தாங்க கை. அந்தக் கல்லு விக்கிற பிள்ளைய விட்டுருங்க."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் கணக்கு அத்தனையும் அங்கேயே கவிழ்ந்தது. சாட்சி கெட்டால் வாய்ஜாலம் எதற்கு? காவலன் அவளை நோக்கி நடந்தான். 

"நில்!" என்று ஒரு சத்தம் கேட்டது.

ராயர்தான். தலைப்பாகையைக் கழற்றியிருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுடலையின் கையில் கொடுத்தார். அவனும் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டான்.

"மன்னா," என்றார், "என் தாய் என்னைப் பெற்றுப்போட்டுச் செத்தாள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு கீற்று முடைந்தாள். விற்ற காசில் என்னை வாள் பழக அனுப்பினாள். முதல் பதவி கிடைத்த நாளில், ஊர் கேட்டால் என்ன சொல்வது என்று வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் பன்னிரண்டு வருடமாக இறங்கவே இல்லை." அவளைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, கைய எறக்கு."

அவள் இறக்கவில்லை. "தலப்பாவ எடுத்து வைடா, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள் மெல்ல.

மன்னர் முதலில் கண்ணைத் துடைத்தார். பிறகு அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தார். பட்டுத்துணி கீழே விழுந்தது, பாதி மீசையோடு மன்னரைச் சபை முழுவதும் பார்த்தது, மன்னரும் கவலைப்படவில்லை. "'காரணமான கை' என்று திருத்தம் சொன்னதே இவர்தானே! என் வாக்கு என் வாக்குதான். ராயரின் கை இனி அந்த வீட்டுக்குச் சொந்தம். மாதத்தில் ஒருநாள், தோளோடும் ஆளோடும், அங்கே போக வேண்டும்" என்றார். சீரங்காயியிடம் முகத்தைக் கடுமையாக்க முயன்றார். பாதி மீசையில் அது நிற்கவில்லை. "நீ மூன்று முறை என் நகரத்தைப் பயமுறுத்தினாய். ஒரு அப்பாவியின் கை போயிருக்கும். அதற்கு உன் தண்டனை, அவனிடம் நீயே போய் என்ன சொல்வாயோ சொல்."

அவள் சுடலையிடம் போய் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவனுடைய இடது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றாள். அவன்தான் அழுதான். பிறகு அந்த அடைக்கோழியையும் பொரிந்த பதினொரு குஞ்சுகளையும் அவனுக்கே கொடுத்துவிட்டாள்.

எனக்கும் பரிசு உண்டு. என் இடது கை எனக்கே திரும்பக் கிடைத்தது. கூடவே, நகரத்தின் தீத்தடுப்பு அதிகாரி என்று ஒரு பட்டமும். மீசை கொளுத்தியவனுக்கு இந்தப் பட்டமா என்று சபையே புரண்டு சிரித்தது. மன்னர் மட்டும் சிரிக்காமல்தான் சொன்னார். தெருவுக்குத் தெரு மணல்தொட்டி வைக்கச் சொன்னேன். குளத்துக்கு ஏணியும் குடமும் வைக்கச் சொன்னேன். ரோந்து போகிற காவலர்களிடம், வெளியூர்க்காரனை முறைப்பதை விட்டுவிட்டு, யார் வீட்டு உரல் காரணமில்லாமல் மரத்தடிக்கு வந்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு உரலைக் கண்டால் பிடிக்க வேண்டாம், உள்ளே போய் என்ன குறை என்று கேளுங்கள் என்றேன். அவர்கள் இதையும் விகடம் என்று நினைத்தார்கள்.

கூரை ஏறிய நாளில் நானும் போயிருந்தேன். ராயர் நான்காவதாக ஒரு மூங்கிலைத் தோளில் சுமந்து, கோட்டை வாசலிலிருந்து தெருக்கோடி வரை நடந்தார். தோல் உரிந்துவிட்டது. முகட்டில் உட்கார்ந்து கயிறு கட்டினார். கீழே இருந்து சீரங்காயியின் குரல், "டேய் மண்ணாங்கட்டி, தளர்த்தியா கட்டாதடா, இழுத்துக் கட்டு!" என்றது. பூரணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறந்த குழந்தை தங்க வேண்டும் என்று வைத்த பெயராம். மண்ணாங்கட்டி மறுபேச்சு இல்லாமல் இழுத்துக் கட்டினார்.

கஞ்சிப் பானை இறங்கியது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்குச் சீரங்காயியின் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் அதிகாரி, கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். நாலாவது தீ வராது என்று அவளிடம் வாக்கு வாங்கி வரச்சொல்லி மன்னரின் ஆணை.

"இனிமேல் வைக்கமாட்டீர்களே, அம்மா?"

"இனி எதுக்கு வைக்கிறேன்?" என்றாள். வழக்கம்போல் கேள்வி.

"அது சரி. ஒருவேளை அன்றைக்கும் தம்பி வாயைத் திறக்காமல் இருந்து, மன்னர் மனமிரங்கி உங்களை விட்டிருந்தால்?"

"விட்டிருந்தா?"

"நாலாவது தடவையும் வைத்திருப்பீர்களா?"

அவள் கஞ்சியை வைத்துவிட்டு முகட்டைப் பார்த்தாள். ராயர் இன்னும் இறங்கவில்லை. காலைத் தொங்கப்போட்டு, கீழே இருந்து யாரோ எறிந்த வெங்காயத்தைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார்.  பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வச்சிருப்பேன்" என்றாள்.